மாரீஸ்வரி எடுத்த இரண்டாவது மைக்

செல்போன் வராத காலத்தில், ஒரு குரலைப் பிடித்துக் கேசட்டில் அடைக்க வேண்டுமென்றால் வெள்ளூரணிக்காரர்களுக்கு இருந்தது ஒரே இடம்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல்கடை மாடியில் இருந்த மயில் சவுண்ட் ரிக்கார்டிங். ஜவுளிக்கடைத் தள்ளுபடியானாலும், கட்சிப் பொதுக்கூட்டமானாலும், சர்க்கஸ் வந்தாலும், யாருடைய மாடாவது காணாமல் போனாலும், எல்லாம் அந்த மாடியில் பேசப்பட்டு, கேசட்டாகி, சந்தியாகுவின் ஆட்டோவில் ஏறி, ஊர் முழுக்க ஒலித்துவிட்டுத் திரும்பி வரும். பேசுகிறவன் வேலுமயில். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பதிவு செய்கிறவள் அவன் மனைவி மாரீஸ்வரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஊரில் வாயுள்ள அத்தனை பேர் குரலும் அவள் காது வழியாகத்தான் போயிருக்கிறது என்றாலும், அவள் மட்டும் ஒரு தடவைகூட மைக் முன்னால் நின்றதில்லை. தனக்குக் கட்டைக் குரல் என்பது அவளுடைய உறுதியான எண்ணம். அதை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டாள்.

மூடிப்போன ஒரு கோடம்பாக்கத்து ஸ்டுடியோவிலிருந்து வேலுமயில் சொம்பளவு தலையுள்ள ஒரு பழைய மைக்கைக் கொண்டு வந்திருந்தான். கடையில் இருந்தது அந்த ஒன்றுதான். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மைக், பேசுகிறவரின் குரலைப் பிடிப்பதை விட்டுவிட்டு, பேசும்போது அவர் மனதில் யார் இருக்கிறாரோ அவருடைய குரலைப் பிடிக்க ஆரம்பித்தது. வார்த்தை பேசினவருடையது, குரல் நினைக்கப்பட்டவருடையது, அவ்வளவுதான். ஏன் அப்படி என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை வந்ததும் அந்தக் கேள்வி நின்றுவிட்டது.

முதலில் மாட்டியவர் பட்டு மாளிகை தங்கமாரியப்ப அண்ணாச்சி. தன் கடைத் தள்ளுபடியைத் தானே பேசுவேன் என்று அடம்பிடித்து மாடியேறிப் பேசிவிட்டுப் போனார். மறுநாள் ஆட்டோவில் அது எதிர்க்கடை பால்சாமியின் குரலில் கேட்டது. பால்சாமி கல்லாவை விட்டு எழுந்து தெருவுக்கு ஓடிவந்தார். "நான் எப்படிய்யா உன் கடைக்கு ஆள் கூப்பிட்டேன்?" என்று முதலில் கத்தினார், விஷயம் புரிந்ததும் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "நாள் முழுக்க என்னயவே நெனச்சுக்கிட்டு இருந்தா யாவாரம் எப்படிய்யா ஓடும்?" என்றார். தங்கமாரியப்ப அண்ணாச்சி அந்த வாரம் முழுக்க ஷட்டரைப் பாதிதான் திறந்து வைத்திருந்தார்.

அதன் பிறகு ஊர் அந்த மைக்கோடு வாழப் பழகிக்கொண்டது. பழகிக்கொண்டது என்றால் நிம்மதியாகப் பழகிக்கொண்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒன்றியச் செயலாளர் பேசிய கண்டனக் கூட்ட அழைப்பு, யாரைக் கண்டித்தாரோ அந்தக் கட்சிக்காரர் குரலிலேயே வந்ததும், அவர் தாவப் போகிறார் என்று பேச்சு எழுந்தது. அடுத்த மாதம் தாவியும் விட்டார். அன்றிலிருந்து பதவி கொடுக்கும் முன்னால் ஆட்களை மாடியேற்றி மைக்கில் ஒன்று இரண்டு எண்ணச் சொல்லிப் பார்ப்பதைக் கட்சிகள் வழக்கமாக்கிக்கொண்டன. உபவாசக் கூட்டத்துக்கு அழைத்த பாஸ்டரின் குரல், அவருடைய பைக்கைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக்கின் குரலாக வந்தது. சாமியையே நினைத்துக்கொண்டு பேசினால் தப்பிக்கலாம் என்று கோயில் தர்மகர்த்தா முயன்று பார்த்தார். சாமியின் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாததால், சினிமாவில் சாமி வேஷம் கட்டுகிறவர் குரலில் வந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைப் பஜ்ஜி சாப்பிட்ட கையோடு மாடிக்குக் கூட்டி வந்தார்கள், அதில் நின்றுபோன சம்பந்தங்கள் நிறைய. வெளியூர் போய்வந்த புருஷன்களைப் பெண்டாட்டிகள் பை கூட இறக்கவிடாமல் நேரே அழைத்து வந்தார்கள். ஸ்டுடியோ இருக்கும் தெருவில் நடக்கும்போது ஆண்கள் கோயில் பிரகாரத்தில் போவதைப் போல அடக்கமாகப் போனார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையே ஊரில் மாறிப்போயிற்று. டீக்கடையில் கண்ணை மூடிக்கொண்டு யாராவது டீ உறிஞ்சினால், இவன் இப்போது யாரை நினைக்கிறான் என்று பக்கத்திலிருப்பவன் யோசித்தான்.

இத்தனையிலும் வேலுமயில் தன் தொழிலை விடவில்லை. தினமும் பேசினான், தினமும் அவன் வாயிலிருந்து போனது ஒரே ஒரு பெண்ணின் குரலாக வந்தது.

மெல்லிய, பளிச்சென்ற குரல். வாக்கியத்தின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, சிரிக்கப் போவதைப் போல விடும். 'தாய்மார்களே' என்று அது கூப்பிட்டபோது தெருவில் ஜன்னல்கள் திறந்தன. கொசுமருந்து விளம்பரத்தில்கூட அந்தக் குரல் யாரையோ செல்லம் கொஞ்சுவதைப் போலத்தான் இருந்தது. முதல் நாள் ஹெட்போனில் அதைக் கேட்ட மாரீஸ்வரி, டேப்பைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை கேட்டாள். ஊரில் அவளுக்குத் தெரியாத குரல் கிடையாது, இந்தக் குரல் தெரியவில்லை. அப்படியென்றால் வெளியூர்க்காரி. அப்படியென்றால் விஷயம் பழையது, திட்டம் போட்டது, நன்றாக மறைத்து வைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வழக்கம்போல மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றான். எவ்வளவு சாதுவாக நிற்கிறான் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டாள்.

"யாரு அது?"

அவன் கேசட் லேபிளில் பசை தடவிக்கொண்டிருந்தவன், தலையை நிமிர்த்தாமலே சிரித்தான். "தெரியாதாக்கும்!" என்றான்.

இப்படி ஒரு துணிச்சலை அவள் எதிர்பார்க்கவில்லை. அவனாக வாயைத் திறந்து பெயரைச் சொல்கிற வரைக்கும் இனிமேல் கேட்பதில்லை என்று முடிவெடுத்தாள். கீழே தையல்கடைப் பஞ்சவர்ணம் வேறு, காஜா எடுத்துக்கொண்டே, "கொடுத்து வச்சவடி நீ. இந்த ஊர்ல எந்தப் புருசனுக்கு இப்பிடி வருது, சொல்லு?" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். சந்தியாகு ஆட்டோவில் கேசட்டைப் போட்டுவிட்டு, "மதினி, அண்ணன் மனசுல யாருனு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்று பல்லைக் காட்டினான். ஊருக்கே தெரியும், தனக்கு மட்டும் தெரியாது. தன் முகத்துக்கு நேராகவே கேலி செய்கிறார்கள். மாரீஸ்வரி இருவரோடும் பேச்சை நிறுத்தினாள்.

ஆனால் தேடுவதை நிறுத்தவில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவளைப் பேசவைத்துக் கேட்டாள். மினி பஸ்ஸில் பெண்கள் பக்கம் இடமிருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேச்சாகக் காது கொடுத்துக்கொண்டே போனாள். வேலுமயிலோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவன் சித்தப்பா அவனுக்குப் பெண் எடுக்க நினைத்த வீடு, சாத்தூரில் அவன் கேசட் வாங்கும் கடைக்காரி என்று எண்களைப் பிடித்து, எஸ்டிடி பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "ஹலோ" என்று எதிரே கேட்டதும் வைத்தாள். எந்த ஹலோவும் அந்த ஹலோ இல்லை. ஒரு கட்டத்தில் பூத்துக்காரப் பெண்ணையே சந்தேகித்தாள், அவள் ஒன்றும் பேசாமல் சில்லறை கொடுப்பதால். தேடத் தேட அந்தக் குரல் அவளுக்கு மனப்பாடமாயிற்று. எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எந்த எழுத்தில் குழையும், எல்லாம் தெரிந்தது. அரிசி களையும்போதும் அதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

ரிக்கார்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டோவில் ஓடி முடிந்த கேசட் திரும்பி வந்ததும், அடுத்த விளம்பரத்துக்கு ஆகுமென்று அதை அழித்துவைப்பார்கள். எந்தக் கேசட்டும் அங்கே இரண்டு வாரம் ஒரே பேச்சைப் பேசியதில்லை. அழிப்பது மாரீஸ்வரியின் வேலை. மைக்கை நிறுத்திவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தி, வெறும் அமைதியை மேலே ஏற்றுவாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் கீரை ஆய்வாள். இப்போது டெக் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பெண் அங்குலம் அங்குலமாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டில் அவள் பேச்சு கேள்வியாகவே ஆகிவிட்டது. எங்க போனீக, யாரு கூட, அங்க என்ன அவ்வளவு நேரம், இந்தச் சட்டை எதுக்கு இன்னைக்கு. தொண்டை கரகரத்துப் போகும்வரை கேட்டாள். முதலில் வேலுமயில் பதில் சொன்னான், பிறகு பாதி பதில் சொன்னான், பிறகு சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அவனுடைய கணக்கோ வேறாக இருந்தது. தன் மனதிலிருப்பது இப்படி ஒலிபெருக்கியில் ஊர்வலம் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் புரிந்துகொண்டிருந்தான். புரட்டாசி பிறந்ததும், "இன்னொரு மைக் எடுத்துரலாம்னு இருக்கேன்" என்றான். "பேசுறவன் குரல் மட்டும் விழுற மாதிரி. உள்ள இருக்கிறது ஊருக்கெல்லாம் எதுக்கு?"

"அப்ப உள்ள இருந்துட்டே போகட்டும்னு சொல்றீக" என்றாள் மாரீஸ்வரி.

அவன் விழித்தான். அவன் விழித்ததையும் அவள் குறித்துக்கொண்டாள். மூடிமறைக்க ஒரு மைக் வாங்கப் போகிறான், அதையும் தன்னிடமே சொல்லிவிட்டு வாங்கப் போகிறான். அவனை விட்டால் தனக்குத் தோதானதாகப் பார்த்து எடுத்து வந்துவிடுவான். "நீங்க போக வேணாம். நான் பாத்து எடுக்கேன்" என்றாள்.

புது மைக் வரட்டும் என்று வேலுமயில் பத்து நாளாக மைக்கில் பேசுவதை நிறுத்தி வைத்திருக்க, தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், அவள் காலைப் பேருந்தில் மதுரைக்குப் போனாள். ஒலிபெருக்கிச் சாமான்கள் விற்கும் தெருவில் பெரிதாக ஒரு கடையைப் பார்த்து ஏறினாள். முதலாளி முறையாகத்தான் விசாரித்தார். "ரெண்டாவது மைக் எடுக்கணும்னா, மொத மைக்குல என்ன கொறைனு தெரியணும்மா. அது கணீர்னு கேட்டா, இது மெத்துனு இருக்கணும். ஒண்ணு விட்டத இன்னொண்ணு பிடிக்கணும், அதுதான் சோடி. உங்க மைக் எப்படி?"

"அது பாதிதான் சொல்லுது" என்றாள் மாரீஸ்வரி. "குரலக் குடுத்துட்டு ஆள மறைச்சுக்கிடுது. மிச்சத்தச் சொல்ற மாதிரி ஒண்ணு குடுங்க."

மதுரைக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர்கள். அவர் ஒன்றும் கேட்காமல், ஒரு மைக்கை எடுத்து டேப்பில் மாட்டி, "பேசிப் பாருங்க" என்றார். அங்கே பேசிக் காட்ட வேலுமயில் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு மைக்குக்கு முன்னால் வாயைக் கொண்டுபோய், ஊரில் எல்லாரும் சொல்வதைப் போல, ஒண்ணு, ரெண்டு, மூணு என்றாள். கடைக்காரர் டேப்பை ஓட்டி ஹெட்போனைக் கொடுத்தார்.

அவள்தான். அதே பளிச்சென்ற குரல், மூன்றை இழுத்து, சிரிக்கப் போவதைப் போல விட்டது.

"இங்கயும் வந்துட்டாளா?" என்று மாரீஸ்வரி ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள். "யாரு இவ? உங்களுக்குத் தெரியுமா? எங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரா?"

முதலாளி வேறு மைக் மாட்டினார். அதிலும் அவள். இன்னொன்று மாட்டினார், அதிலும் அவள். கண்ணாடி அலமாரியில் கேசட் அடுக்கிக்கொண்டிருந்த ரெஜினா என்ற கடையில் வேலை பார்க்கும் பெண் ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். தானும் ஒண்ணு ரெண்டு சொன்னாள். ரெஜினா குரல் ரெஜினா குரலாகவே விழுந்தது. "யக்கா, அது உங்க கொரல்தான்" என்றாள். "மொதத் தடவ யாருக்கும் நம்பிக்க வராது. நம்ம பேசுறது நமக்கு உள்ளுக்குள்ள கட்டையாக் கேக்கும். வெளிய நிக்கிறவங்களுக்கு இப்படித்தான் கேக்குது. நான் இப்ப உங்ககூடப் பேசுறேன்ல, எனக்கு இதே கொரல்தான் கேக்குது."

மாரீஸ்வரி அவளையும் நம்பவில்லை. யாரையும் நம்பாமலிருப்பது கைக்குப் பழகிய வேலையாகிவிட்டிருந்தது. கொஞ்சம் யோசித்தாள், பிறகு மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசினாள். டேப்பில் அந்தச் சிறுக்கியும் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

கடை நடுவில் ஸ்டூலைப் போட்டு மாரீஸ்வரியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். முதலில் வந்தது சந்தோஷம். ஆடியிலிருந்து தினமும், கொசுமருந்துக்கும் சர்க்கஸுக்கும் வாய் திறந்த நேரமெல்லாம், அந்த மனுஷன் தன்னைத்தான் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், அதுவும் இவ்வளவு அழகாக நினைத்திருக்கிறான். ஊருக்கே தெரிந்திருந்தது அதுதான். அதற்குப் பின்னாலேயே வெட்கம் வந்தது, ரேஷன் கடை, மினி பஸ், எதிரே கேட்ட அத்தனை ஹலோவும் வரிசையாக வந்தன. மூக்கைப் பிடித்துப் பார்த்த மைக்கையே வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். அவன் பேசியதும் பழைய மைக்கில் வரும் குரலை அவனோடு சேர்ந்து கேட்டுவிட்டு, "இது நாந்தானாக்கும்" என்று சொல்ல வேண்டும். திருமங்கலம் தாண்டியதிலிருந்து அதையே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் மாடியேறியபோது, தங்கமாரியப்ப அண்ணாச்சி கடைத் தீபாவளி விளம்பரத்துக்காக வேலுமயில் காத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான், கேள்வி வரப்போகிறது என்று. கேள்வி வரவில்லை. அவள் புது மைக்கைப் பழைய மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பழையது ஹெட்போனின் இடது காதில், புதியது வலது காதில் கேட்கும்படி வயரை மாட்டினாள். "பேசுங்க" என்றாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து.

அவன் பேசினான். வலது காதில் வேலுமயிலின் சொந்தக் குரல் கேட்டது, களைத்துப்போன குரல். இடது காதில் அவள் எதிர்பார்த்திருந்தவள் வரவில்லை.

இடது காதில் ஒரு கரகரத்த குரல் வந்தது. 'வாருங்கள், தாய்மார்களே, குடும்பத்தோடு வாருங்கள்' என்று வார்த்தைகள் இனிப்பாகத்தான் இருந்தன. குரல் மட்டும் ஒவ்வொரு வார்த்தையின் சட்டைப் பையிலும் கைவிட்டுத் துழாவியது. எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்பதைப் போல 'மத்தாப்பு வண்ணச் சேலைகள்' என்றது. வாசலில் வழிமறித்து நிற்பதைப் போல 'அனைவரும் வருக' என்றது. இந்தக் குரல் யாருடையது என்று மாரீஸ்வரிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்கைப் பிடித்துப் பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை.

இன்னும் தன்னைத்தான் நினைக்கிறான். இப்போது இப்படி நினைக்கிறான்.

வேலுமயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, சரியா என்று கையைக் காட்டினான். அவள் தலையை ஆட்டினாள். வலது பக்கத்தை மட்டும் கேசட்டில் ஏற்றிச் சந்தியாகுவிடம் கொடுத்தனுப்பினாள். பிறகு அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக டெக்கில் போட்டுக் கேட்டாள். ஆடித் தள்ளுபடி, கொசுமருந்து, சர்க்கஸ், எங்கேயாவது ஒரு ஓரத்தில், ஒரே ஒரு 'தாய்மார்களே' மிச்சமிருக்காதா என்று கேட்டாள். எதிலும் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அவளே நன்றாகத்தான் அழித்திருந்தாள், வேலையில் குறை வைக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. அழுகை வந்தது. அழுதால் குரல் இன்னும் கரகரத்துப் போகுமென்று அதை விழுங்கிக்கொண்டாள்.

வேலுமயில் வெளியே வந்து, படிக்கட்டருகே குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். எங்கே போகிறீர்கள் என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்தினாள். அந்தக் குரல் எங்கே மூச்சு வாங்கும், எங்கே குழையும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தொண்டையை மெல்லச் செருமிக்கொண்டு, மூச்சை அதே இடத்தில் வாங்கி, கடைசி எழுத்தை அதே அளவுக்கு இழுத்து, சிரிக்கப் போவதைப் போல விட்டு, கூப்பிட்டாள்.

"என்னங்க, சாப்பிட வாங்க."

வேலுமயிலின் கை செருப்பு வாரில் அப்படியே நின்றது. மெதுவாக நிமிர்ந்து திரும்பினான். அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி, திறந்திருந்த கதவுக்குள்ளே, வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தான்.